இன்னும் அழுத்துகிறார்

“பட்டனே அழுத்தலைன்னு ரிப்போர்ட்ல எழுதுன்னா எழுதேன்! குடிச்சிட்டு பெல்ட்டு கிட்ட போனான், செத்தான். அதுக்கு நம்ம போர்டு என்னா பண்ணும்?”

“அவரு குடிக்கமாட்டாரு சார். வெளிய அவரு சம்சாரம் உக்காந்திருக்காங்க. மெதுவா பேசுங்க.”

“கேக்கட்டுமே! எனக்கு என்னா பயம்?”

2004, சித்திரை வெயில். வேங்கிக்கால் ஆபீஸ் மாடி அறையில் முதலாளி ராஜமாணிக்கம் கத்திக்கொண்டிருந்தார். எதிரே நின்று பதில் பேசிய எழிலரசிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மில் மெஷினை நிறுத்தவும், அதன் ஓட்டக் கணக்கைப் போன் லைன் வழியே ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு பக்கமாகக் காட்டவும் செய்த அந்த உள்ளங்கை அளவு போர்டுக்குள் சர்வர் புரோகிராமைத் திணித்தவள் அவள்தான். பெரிய கம்ப்யூட்டருக்கு எழுதிய புரோகிராம் அது. அங்கே ஒரு வேலை காத்துக் கிடந்தாலும் மற்ற வேலைகள் அதுபாட்டுக்கு நடக்கும். சின்ன போர்டில் ஒன்று காத்து நின்றால் எல்லாமே நிற்கும். அதனால்தான், யாருக்காகவும் இரண்டு நொடிக்கு மேல் காத்திருக்காதே என்று ஒரு வரி போட்டிருந்தாள்.

போன் லைனில் அந்தக் கணக்குப் பக்கம் பாதியில் அறுந்துபோகிறது, போர்டு வாங்கலாமா என்று பார்க்க வந்தவர்கள் முன்னால் மானம் போகிறது என்று ராஜமாணிக்கம் அந்த வரியை எடுத்துவிட்டார். அவளிடம் சொல்லவுமில்லை.

அடி அண்ணாமலை மில்லில், மல்லாட்டைக் கடலை உடைக்கும் மெஷினின் பெல்ட்டில் அங்கே வேலை பார்த்த கண்ணாயிரத்தின் கழுத்துத் துண்டு சிக்கியபோது, போர்டு, அறுந்துபோன ஆபீஸ் லைனுக்காகக் காத்திருந்தது. அவர் சிவப்புப் பட்டனை அழுத்தினார். எண்ணுவது மட்டும் காத்திருப்பிலும் நிற்காது; ஒவ்வொரு அழுத்தலையும் போர்டு எண்ணி வைத்துக்கொண்டது. மெஷினை நிறுத்தத்தான் அதற்கு நேரமில்லை.

“எத்தினி வாட்டி அழுத்துனாருன்னு போர்டுலயே இருக்கு சார்.”

“இருந்துச்சு. நேத்தே அழிச்சிட்டேன்.” சிரித்தார்.

எழிலரசி மில்லிலிருந்து பட்டனோடு கழற்றி வந்த போர்டைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தாள். பூஜ்யம்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. ஃபேன் கிறீச்சிட்டு நின்றது. திரை இருண்டது.

போர்டின் பச்சை விளக்கு மட்டும் அணையவில்லை.

ஒயரைப் பிடுங்கினாள். அப்போதும் அணையவில்லை.

டக்.

மேசைமேல் கிடந்த சிவப்புப் பட்டன் உள்ளே போய் வெளியே வந்தது. அதன்மேல் யார் கையும் இல்லை.

டக். டக்.

மல்லாட்டைத் தோல் தூசியின் வாசம் மூக்கில் ஏறியது. அதற்குப் பின்னாலேயே, ரப்பர் கருகும் நாற்றம்.

ராஜமாணிக்கத்தின் கை அவர் கழுத்துக்குப் போனது. “எழிலு... அத நிறுத்து.”

“நிறுத்த முடியாம பண்ணதே நீங்கதான சார்?”

கதவருகில் கண்ணாயிரத்தின் சம்சாரம் பச்சையம்மாள் நின்றாள். கண்ணில் ஒரு சொட்டு நீரில்லை.

“அவரு விடமாட்டாரு சார். மெஷினு நிக்கிற வரைக்கும் அழுத்திட்டேதான் இருப்பாரு.”

கரண்ட் வந்ததும் எழிலரசி மறுபடி மாட்டிப் பார்த்தாள்.

நாற்பத்தொன்று.

அன்றைக்கே ரிப்போர்ட் எழுதினாள். நாற்பத்தொரு முறை அழுத்தினார், போர்டு நிறுத்தவில்லை, தவறு எங்களுடையது. கையெழுத்துப் போட்டு, ஒரு நகலைப் பச்சையம்மாள் கையில் கொடுத்தாள்.

அந்தப் போர்டு இப்போது அவள் பீரோவில். கரண்ட் இல்லை, ஒயர் இல்லை. ஆனாலும் உச்சி வெயிலில் டக் என்று கேட்கிறது. ஏனென்று அவளுக்குத் தெரியும். அந்த ஒரு வரி இல்லாத போர்டுகள் இன்னும் ஏழு மில்லில் ஓடுகின்றன. எந்தெந்த மில் என்று சொல்லாமலே ராஜமாணிக்கம் ஆபீசை மூடிவிட்டுப் போய்விட்டார்.

உங்கள் மில்லில் மெஷின் பக்கத்தில் பச்சை விளக்கு எரியும் சின்ன போர்டு இருக்கிறதா? இன்றைக்கே சிவப்புப் பட்டனை அழுத்திப் பாருங்கள். நின்றதா, நிற்கவில்லையா? அதை மட்டுமாவது பதில் எழுதுங்கள்.