கிழங்கு உறைந்த வட்டம்

மூன்றாம் நாள் விடியலில் பசீலியா இரண்டு உருளைக்கிழங்குகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தாள். உறைந்த கிழங்கு கூழாங்கல்லைப் போல ஒலிக்க வேண்டும். சதையோடு சதை மோதும் சத்தம்தான் வந்தது. மேட்டு வயலில் பரப்பியிருந்த அத்தனையும் அப்படியே, நடுவில் ஐந்து தப்படி வட்டத்தைத் தவிர. அங்கே ஒவ்வொன்றும் கல். வட்டத்தின் மையத்தில் காவல் நாய் படுத்திருந்தது.

கிழங்கைப் பனியில் உறையவைத்து வற்றலாக்கும் சுன்யோ போடுவதில் மந்திரம் ஏதுமில்லை. மேகமில்லாத ஜூன் மாதக் குளிர்கால இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். கிழங்குக்குள் இருக்கும் நீர் உறைந்து சதையைக் கிழிக்கும். பகல் வெயிலில் அது இளகியதும் வெறுங்காலால் மிதித்துப் பிழிய வேண்டும். மூன்று இரவு உறைந்து காய்ந்த கிழங்கு பல வருஷம் கெடாது. உறையாதது அழுகிவிடும். மழை தவறி இந்த வருஷம் விளைச்சலே பாதி. அதுவும் போனால், அவளும் கணவன் ஃபெர்மினும் அடுத்த அறுவடைவரை எதைத் தின்பது?

"பனியும் எல் ஆல்டோ பட்டணத்துக்குப் பொழைக்கப் போயிருச்சு போல" என்றான் ஃபெர்மின்.

நாய் எழுந்து வந்து அவள் கையை நக்கியது. நாக்கு ஓடைக்கல்லாய்ச் சில்லிட்டது. அவள் மூச்சு புகைந்தது. நாயின் மூச்சு புகையவில்லை.

அன்று மாலை பொதி சுமக்கும் லாமாவை நடுவில் கட்டினாள். காலையில் வட்டம் பன்னிரண்டு தப்படியாகியிருந்தது. லாமா அசைபோட்டுக்கொண்டிருந்தது. உச்சி வெயிலிலும் அதன் இமைமயிரில் ஒட்டிய பனி உருகவில்லை. அப்போது அவளுக்குப் புரிந்தது. வானம் இப்போது மண்ணின் சூட்டை வாங்குவதில்லை. வேறு சூடு கேட்கிறது.

ஃபெர்மினிடம் சொன்னாள். சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. பொழுது சாய்ந்ததும் போன்சோப் போர்வையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான்.

அவள் தடுக்கவில்லை.

முதல் இரவு. இரண்டாம் இரவு. மூன்றாம் இரவு.

வயல் முழுக்க வெள்ளை.

மறுநாள் நடுப்பகலில் கொழுந்தன் செவெரோ வந்தான். அவன் வயலிலிருந்து புளித்த வாடை காற்றோடு கூடவே வந்தது. அவன் வீட்டில் ஐந்து வயிறு.

"எங்களுக்குப் பொட்டுப் பனி இல்ல மதினி. ஒங்களுக்கு மட்டும் எப்படி?"

அவளுக்குப் பின்னால் ஃபெர்மின் கிழங்கு மிதித்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டால் திரும்புவதில்லை. வெயிலில் இளகிக் கிடந்தவை அவன் பாதம் பட்டதும் நொறுநொறுவென்று மறுபடி உறைந்தன. அந்தச் சத்தம் அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

பசீலியா பொறுமையாகச் சொன்னாள்.

"நாய்னா அஞ்சு தப்படி. லாமான்னா பன்னெண்டு. வயல் முழுக்க ஒறையணும்னா ஆளுதான் வேணும். நட்ட நடுவுல, போர்வ இல்லாம, மூணு ராத்திரி."

செவெரோ தன் வீட்டுப் புகையையே பார்த்தான்.

"யாரு வேணா படுக்கலாமா?"

"ஒடம்புல சூடு இருந்தாப் போதும்."