பதினோரு கவனச்சிதறல்கள்

பேச்சிக்கனி ஆழ்ந்து யோசித்தால் மூச்சுவிட மறந்துவிடுவாள். லட்சத்தில் ஒரு பிள்ளைக்கு மரபணுவிலேயே வரும் கோளாறு அது. அதற்காக நெஞ்சில் மூச்சுப்பட்டை கட்டியிருந்தார்கள். மூச்சு தளர்ந்தால் பட்டை சுரீரென்று அதிரும். மூச்சு வரும், யோசனை போய்விடும். கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.

அதுவரைக்கும் குற்றமில்லை. கல்வி அலுவலகத்துப் படித்த மேதாவிகள் அதே பட்டைக்குள் கவனமானியையும் வைத்துத் தைத்தார்கள். யோசனை அறுந்தால் அது ‘கவனச்சிதறல்’ என்று எண்ணும். அறுத்ததும் பட்டைதான், எண்ணியதும் பட்டைதான். பத்தைத் தாண்டினால் கற்றல் குறைபாடு என்று தீர்ப்பு. நாலாம் வகுப்பிலிருந்து தூக்கித் தனிவகுப்பில் போடுவார்கள். அங்கே எழுத்தே கிடையாது, நாள் முழுக்கப் பொம்மைப் படம்தான். பேச்சிக்கனிக்கும் அந்தத் தீர்ப்பு வந்தது.

தாய் தங்கபுஷ்பம் ஐஸ் கம்பெனிக்கு லீவு போட்டுக் கல்வி அலுவலர் கோயில்ராஜ் முன்னால் போய் நின்றாள்.

“எம்புள்ள பதினாறாம் வாய்ப்பாட்டத் தலைகீழாச் சொல்லுவா சார். மெதுவாச் சொல்லுவா. கேட்டுப் பாருங்க.”

“நாங்க கேக்கக் கூடாதும்மா. பட்டைதான் சொல்லணும். அது பொய் சொல்லாது.”

“அப்ப அதக் கட்டிக்கிட்டு, எம்புள்ளைய மாத்துத ஆர்டர ஒருக்கா வாசிங்க.”

கோயில்ராஜ் சிரித்தார். பெற்றோருக்குக் காட்டவென்று மேசையில் ஒரு பட்டை கிடந்தது. பேச்சிக்கனிக்கு வைத்த அதிர்வு அளவுக்கே அதைத் திருகிவைத்து, தன் பெயருக்குக் கைரேகை பதித்துக் கட்டிக்கொண்டார்.

கருத்தாகப் படிக்கும்போது யாருக்கும் மூச்சு கொஞ்சம் தளரும். முதல் வரியிலேயே சுரீர்.

“எங்க விட்டேன்?”

மறுபடி முதல் வரி. மறுபடி சுரீர். இரண்டாம் பத்திக்குள் வேர்த்துவிட்டது. நாலாம் வகுப்பை ஐந்து என்று வாசித்தார்.

“என்ன சார் இந்த நெளி நெளியுறீங்க? எம்மவ இதோட வகுத்தல் போடுதா.”

பட்டை பதினொன்று எண்ணியது. திரையில் தீர்ப்பு வந்தது: கோயில்ராஜ், வயது ஐம்பத்திரண்டு, கற்றல் குறைபாடு. இனி இவர் கைரேகை எந்த ஆணையிலும் செல்லாது. அந்த விதியையும் இந்த அலுவலகம்தான் எழுதியது.

ரத்துப் பொத்தானை அழுத்தினார். அலுவலரின் கைரேகை கேட்டது. வைத்தார். செல்லாது என்றது. பேச்சிக்கனியை மாற்றும் ஆணையும் அதே ரேகை கிடைக்காமல் திரையில் அப்படியே நின்றது.

“மெஷின் தப்பும்மா இது,” என்றார். குரல் இறங்கியிருந்தது. “நான் எம்.ஏ. படிச்சவன்.”

“மூணு மாசமா நானும் அதத்தான் சொல்லுதேன். மெஷின் தப்புன்னு எழுதிக் குடுங்க, போயிருதேன்.”

கோயில்ராஜ் தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

“நான் எழுதினாச் செல்லாதேம்மா.”