சுவரோரத்து இடம்

பேருந்திலிருந்து இறங்கும்போது பிற்பகல்தான். ஆனாலும் நன்றாக இருட்டிவிட்டிருந்தது. வடக்கு ஸ்வீடனில் டிசம்பர் மாதத்துப் பகல் அவ்வளவுதான். எல்னா ஒரு கையில் பெட்டியும் மறுகையில் ஹிருத்தின் விரல்களுமாகப் பனியை மிதித்து நடந்தாள். எத்தியோப்பியாவிலிருந்து விமானம் மாறி மாறி வந்த களைப்பிலும் அந்த ஐந்து வயதுக் குழந்தை அழவில்லை.

வாசலில் ரூபென் ஊன்றுகோலோடு காத்திருந்தான். கூரையில் குவிந்த பனியை வழிக்க ஏறியவன், விழுந்து காலை உடைத்துக்கொண்டான். அதனால்தான் பிள்ளையைத் தத்தெடுத்துக் கூட்டிவர எல்னா தனியாகப் போக நேர்ந்தது.

"வாம்மா கண்ணு, உள்ள வா. குளிருது பாரு."

ஹிருத் உள்ளே வந்தாள். ஆனால் கதவை விடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு இருட்டைப் பார்த்தபடி நின்றாள். பிறகு, யாரோ உள்ளே வந்து சேர்ந்துவிட்டதுபோல மெதுவாகச் சாத்தினாள்.

"பரவாயில்லையே, உன்னைவிட இவளுக்குக் கதவு சாத்தத் தெரியுது" என்று ரூபென் சிரித்தான்.

எல்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

பாலில் வெந்த அரிசிக் கஞ்சியில் பாதியைக் குடித்துவிட்டு, மீதியை ஆளில்லாத நாற்காலிப் பக்கம் நகர்த்தி வைத்தாள் ஹிருத். படுக்கும்போது கட்டிலின் வெளிவிளிம்பில் ஒடுங்கிக்கொண்டாள். எத்தனை முறை நடுவில் நகர்த்திப் படுக்கவைத்தாலும் விளிம்புக்கே திரும்பினாள். சுவரோரம் எப்போதும் காலியாகக் கிடந்தது.

சில நாட்களில் அந்த வாசனை வந்தது. தைலமர விறகு எரியும் புகை. அது மின்சாரத்தால் சூடேறும் வீடு, விறகடுப்புமில்லை, விறகுமில்லை. அந்த வாசனை எல்னாவுக்கு ஒரே ஓர் இடத்தில்தான் பழக்கம்: ஹிருத் இருந்த காப்பகத்தின் முற்றத்தில்.

அடுத்து, இருமல்.

"மாடியில பிள்ளை ரொம்ப இருமுறா. போய்ப் பாரேன்" என்றான் ரூபென், கூடத்திலிருந்தபடியே.

எல்னா நிமிர்ந்து பார்த்தாள். ஹிருத் அவள் எதிரில், சமையலறை மேசையருகில் உட்கார்ந்து உருளைக்கிழங்குத் தோலை உரித்துக்கொண்டிருந்தாள்.

மாடியில் மறுபடியும் இருமல்.

வறட்டு இருமல், நெஞ்சைப் பிய்த்துக்கொண்டு வரும் இருமல். எல்னா அதை முன்பே கேட்டிருந்தாள்.

காப்பகத்தில் ஹிருத்தை இடுப்பில் சுமந்து எல்னாவிடம் கொண்டுவந்து விட்டது ஒரு சிறுமி. ஒன்பது வயதிருக்கும். பெயர் அபெபா. எல்னாவை ஏற இறங்கப் பார்த்தாள், தங்கையைக் கொடுக்கலாமா என்று எடை போடுவதுபோல. பிறகு திரும்பி நின்று இருமினாள்.

"இவ கூடப்பிறந்த அக்கா. ரெண்டு பேரையும் சேர்த்தே கூட்டிட்டுப் போறீங்களா?" என்று தாதி கேட்டாள்.

எல்னாவால் அபெபாவின் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. "ஒண்ணு போதும்" என்றாள். ரூபெனைக் கேட்கவில்லை. ஊர் திரும்பியும் சொல்லவில்லை.

குளிர் உச்சத்திலிருந்த பிப்ரவரியில் ஹிருத்துக்குப் புதுமொழி வாயில் வந்தது. சாப்பாட்டு மேசையில் முதல்முறையாக முழு வாக்கியம் பேசினாள்.

"அக்காவுக்குக் குளிருதும்மா."

ரூபெனின் கரண்டி நின்றது. "எந்த அக்கா?"

"அபெபா. என் பக்கத்துல படுக்கிறா. கை ஜில்லுனு இருக்கு."

எல்னா எழுந்து தொலைபேசியை எடுத்தாள். காப்பகத்துக்கு இணைப்புக் கிடைக்க வெகுநேரமானது. அந்தத் தாதியே பேசினாள். தங்கை கிளம்பிப்போன அதே வாரத்தில் அபெபா சோறு தண்ணீரை விட்டுவிட்டாள், நெஞ்சுச்சளி முற்றிப் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றாள். குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் எல்னாவைக் கொன்றது.

எல்னா எல்லாவற்றையும் சொல்லிமுடித்தபோது ரூபென் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே எல்னா."

"நீ சரின்னு சொல்லிடுவேன்னு தெரியும். அதான் கேக்கல."

அவன் இன்னும் லேசாக நொண்டியபடி போய்ப் பரணிலிருந்து இன்னொரு கட்டிலை இறக்கினான். சுவரோரமாகப் போட்டு, கம்பளி விரித்தாள் எல்னா. முழங்காலிட்டு, காலித் தலையணையிடம் குசுகுசுவென்று சொன்னாள்: "என்னை மன்னிக்கவேண்டாம். இங்கயே இரு."

அன்று ஹிருத் கட்டிலின் நடுவில் கைகால் பரப்பிப் படுத்தாள்.

புகை வாசனை போனது. இருமலும் நின்றது. எல்னாவும் தன்னைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தேற்றிக்கொண்டாள்.

கோடையில் ரூபென் ஹிருத்தைக் கதவுச் சட்டத்தில் சாய்த்து நிறுத்தி, அவள் உயரத்துக்குப் பென்சிலால் கோடு கிழித்தான். மறுநாள் அதற்கு ஒரு தலை உயரம் மேலே, கரியால் இன்னொரு கோடு.

"நீ போட்டதா?" என்று எல்னா ரூபெனைக் கேட்டாள்.

"இல்ல."

இருவரும் அதைத் தொடவில்லை. அழிக்கவுமில்லை.

அடுத்த கோடையில் ஹிருத் வளர்ந்திருந்தாள். கரிக்கோடும் ஏறியிருந்தது. அதற்கடுத்த கோடையிலும்.

ஆண்டுகள் போயின. ஹிருத் பள்ளிக்குப் போயிருந்த ஒரு ஜூன் மாதப் பகலில், வெளிச்சம் வீடெங்கும் நிறைந்திருக்க, எல்னா கதவருகே நின்றாள். புதிய கரிக்கோடு அவள் கண்ணுக்கு நேராக இருந்தது.

தொட்டுப் பார்த்தாள்.

கரி விரலில் ஒட்டியது. இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.