நாற்பத்தோராவது சீட்டு

சனிக்கிழமை காலை மணி 10.05. பூட்டு பத்திரமாகத்தான் இருந்தது. பெட்டிக்குள் இருந்தவைதான் களவு போயிருந்தன.

அது ஒரு சின்ன மரப்பெட்டி. ஒரு வாரமாகத் தொடக்கப் பள்ளியின் வாசல் சுவரில், தெருப்பக்கம் மாட்டியிருந்தார்கள். பக்கத்துத் தட்டில் வெற்றுச் சீட்டுகள். ‘எங்கள் பள்ளி எப்படி? நன்று, சுமார், மோசம்.’ ஏதாவது ஒன்றில் குறியிட்டு, சொல்ல வேண்டியதைக் கீழே எழுதிப் பெட்டிக்குள் போட வேண்டும். பெயர் எழுத வேண்டியதில்லை. இந்தச் சனிக்கிழமை எல்லார் முன்னாலும் திறந்து படிப்பதாகத் தலைமையாசிரியை வாக்குக் கொடுத்திருந்தார்.

பெற்றோர் முப்பது பேர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மேலே கிடந்த முதல் சீட்டை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

“நன்று. ‘என் மகள் இப்போது கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். நடந்து வீடு போய்ச் சேர அரைமணி ஆகிறது.’”

கூடம் சிரித்தது. இரண்டாவது சீட்டு: மோசம். மூன்றாவது: மோசம். நான்காவதிலும் அதுதான். பத்தாவது சீட்டு வந்தபோது அவர் குரல் உள்ளே போய்விட்டது. மொத்தம் நாற்பத்தொரு சீட்டுகள். ஒன்று நன்று, மற்ற நாற்பதும் மோசம்.

“அது எப்படி?” என்று எழுந்தார் பேக்கரிக்காரர். “நான் நன்றுன்னுதான் போட்டேன். பையன் கையெழுத்து என்னோடதைவிட அழகா இருக்குன்னு எழுதினேன். அது எங்க?”

“நானும்தான்!” “என்னோடதும் இல்லையே!” என்று நாலாபக்கமும் குரல்கள் எழுந்தன.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, யார் வாயைத் திறக்கிறார்கள், யார் திறக்கவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இந்தப் பள்ளிக்குச் சம்பந்தமே இல்லாதவள். ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனை செய்பவள். குழாயில் ரத்தத்தைப் பார்க்கும் முன் லேபிளையும், அது எடுக்கப்பட்ட நேரத்தையும் பார்த்தே பழகிய கண். பக்கத்தில் தச்சு வேலை செய்யும் அவள் கணவன். அவன் மடியில், ஜூனில் முதல் வகுப்புக்குப் போக வேண்டிய மகள், சிட்டு.

பள்ளிக்கு எதிரே இரண்டாவது வீடு விலைக்கு வந்திருந்தது. மூன்று அறை, நிறைய வெளிச்சம், கையைக் கடிக்காத விலை. ஆனால் வீட்டைப் பற்றி விசாரித்த இடத்திலெல்லாம் ஒரே பாட்டு. ‘வீடு நல்ல வீடு. பள்ளிக்கூடத்துக்குத்தான் பேர் இல்ல.’ பகல் பன்னிரண்டு மணிக்குள் பதில் சொல்லாவிட்டால் வீடு அடுத்தவர்களுக்குப் போய்விடும். ஊர் வாயை நம்புவதா, கூடாதா என்று தெரிந்துகொள்ளத்தான் கூட்டத்துக்கு வந்திருந்தார்கள்.

“கேட்டீங்களா தங்கச்சி?” என்று முன்வரிசையிலிருந்து திரும்பினார் வீட்டுத் தரகர். “என் பசங்க படிச்ச காலத்துல இப்படி இல்ல. நேத்து வேற தெருவுல காட்டினேனே அந்த வீடு, அதையே முடிச்சிடலாமா?”

அவள் கண் மேசைமேல் கிடந்த சீட்டுகளிலேயே இருந்தது.

மணி 10.20. பழி அதற்குள் ஒருவர் தலையில் விழுந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மாலை 4.00 மணிக்குப் பெட்டியை உள்ளே எடுத்து வந்து அலுவலக அறையில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். பெட்டிச் சாவி தலைமையாசிரியையிடம், அறைச் சாவி எழுத்தரிடம். போன வாரம்தான் தாமதமாக வந்ததற்காக எழுத்தர் எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தார்.

“ராத்திரி முழுக்கப் பெட்டி உங்க பொறுப்புலதானே இருந்துச்சு?” என்றார் ஒருவர்.

எழுத்தர் முகத்தில் ஈயாடவில்லை. “சத்தியமா நான் தொடல. நேத்து பூரா நான் கல்வி அலுவலகத்துல. நாலு மணிக்கு வந்து அறையைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.”

ஆய்வகக்காரி எழுந்தாள். “அம்மா, நான் ஒரு தடவை பார்க்கலாமா?”

தலைமையாசிரியை அவளை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க யாரும்மா?”

“எதிர் வீட்டை வாங்கலாமான்னு யோசிக்கிறவ. எனக்கு இங்க வேண்டியவங்களும் இல்ல, வேண்டாதவங்களும் இல்ல.”

“அப்ப நீங்கதான் பார்க்கணும்” என்று பெட்டியை நகர்த்தி வைத்தார் அவர்.

அவள் சீட்டுகளை எடுத்துக்கொண்டாள். பெட்டியைக் கணவன் பக்கம் தள்ளினாள்.

“உங்க துறை. பூட்டைத் திறக்காம இதைத் திறக்க முடியுமா?”

அவன் பெட்டியைத் திருப்பினான். மூடியின் பின்பக்கக் கீல் வெளியே தெரிந்தது. “சின்னப் பிள்ளைகூடத் திறக்கும். சுவர்லேருந்து இறக்கி, கீலோட நாலு ஸ்க்ரூவைக் கழட்டினா மூடி பின்னாலேருந்து தூக்கிக்கும். பூட்டு சும்மா அழகுக்குத்தான்.” பிறகு நகத்தால் ஒரு ஸ்க்ரூவைத் தட்டினான். “கழட்டியும் இருக்காங்க. பாரு, ஸ்க்ரூத் தலையில இருக்கிற காடியெல்லாம் புதுக் கீறல். மூணு ஸ்க்ரூ மரத்துக்குப் போடறது. நாலாவது இல்ல. இது தகட்டுக்குப் போடறது. மரத்தைக் கடிச்சு நாசம் பண்ணியிருக்கு. எந்தத் தச்சனும் இதைப் போட மாட்டான்.”

“ஒண்ணைத் தொலைச்சிட்டுக் கைக்குக் கிடைச்சதைப் போட்டிருக்கார்.”

“கிடைச்சதுதான். ஆனா தகட்டு ஸ்க்ரூ எல்லார் கைக்கும் கிடைக்காதே.”

மணி 10.40. சீட்டுகளில் முக்கால்வாசி வெறும் குறிதான். ஒன்பதில் மட்டும் கோணல் எழுத்தில் ஒவ்வொரு வரி. அவற்றில் ஒன்றை அவள் இரண்டு முறை படித்தாள்: ‘இரண்டாம் வகுப்பு மாடியில் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் படியில் விழுகிறார்கள்.’

“இரண்டாம் வகுப்பு எந்த அறையிலம்மா?”

“கீழேதான். நான் வந்த முதல் மாசமே கீழே கொண்டுவந்துட்டேன். ஒன்றரை வருஷம் ஆச்சு.”

அவள் தலையாட்டிக்கொண்டாள். கூடத்தின் பக்கம் திரும்பினாள்.

“முதல்ல படிச்சாங்களே, கடைப் பலகையைப் படிக்கிற பொண்ணு. அதை எழுதினது யாரு?”

தையற்கடை அம்மா கூச்சத்தோடு கையைத் தூக்கினார். “நான்தான்.”

“எப்பப் போட்டீங்க?”

“நேத்து பிள்ளையைக் கூட்டிப் போக வந்தப்ப. மூணரை இருக்கும்.”

“பேக்கரி அண்ணே, நீங்க?”

“நேத்துக் காலையில. எட்டு இருபது. ரொட்டி இறக்கிட்டு நேரா வந்து போட்டேன்.”

“வேற யாராவது நேத்துப் போட்டீங்களா?” யாரும் இல்லை.

அவள் சன்னல் பக்கம் போய் நின்றாள். வெளியே, வாசல் சுவரை ஒட்டி ஒரு மஞ்சள் வேன். காலை 9.20க்கு அவர்கள் தெருவுக்குள் நுழைந்தபோதே அது அங்கேதான் நின்றது. வேன்காரர் அப்போது ஸ்க்ரூடிரைவரால் பின்சீட்டை முடுக்கிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர். வழி சொன்னார், சிட்டுவை ஹாரன் அடிக்கவிட்டார், கேட்காமலேயே புத்தியும் சொன்னார்.

“இந்தப் பள்ளிக்கூடத்தை நம்பியா வீடு வாங்கறீங்க? என் பொண்ணு ரெண்டாம் வகுப்பு வரைக்கும் இங்கதான். மூணாம் வகுப்புக்குத் தூரத்துப் பள்ளிக்கு மாத்திட்டேன். இப்ப இந்தத் தெருவுலேருந்து மட்டும் பதினாலு பிள்ளைங்க என் வண்டியிலதான் போகுது. தினமும் இந்தச் சுவரோரம்தான் வண்டி நிக்கும். சிட்டுப் பொண்ணுக்கும் ஒரு சீட் இருக்கு, கவலைப்படாதீங்க.”

இப்போது அவர் கூடத்தின் வாசலில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தார். சிரிப்பு மட்டும் காலையில் பார்த்தது மாதிரி இல்லை.

மணி 11.05. அவள் மேசைக்குத் திரும்பினாள்.

“எழுத்தரை விட்டுடுங்க” என்றாள். “அவர் செய்யல.”

“எப்படிச் சொல்றீங்க?”

“மேல இருந்த நல்ல சீட்டை வெச்சுத்தான். நாற்பது மோசத்துக்கு நடுவுல ஒரே ஒரு நன்று. யாரோ ஒரு நல்ல மனசுன்னு நாம எல்லாரும் விட்டுட்டோம். ஆனா நல்ல சீட்டையெல்லாம் திருட வந்தவர் இதை மட்டும் ஏன் விடணும்? அதுவும் மேலேயே கிடக்குதே!”

அவள் அந்தச் சீட்டைத் தூக்கிக் காட்டினாள்.

“விடல. அவர் வந்தப்ப இந்தச் சீட்டு பெட்டியிலேயே இல்ல. திருட்டு முடிஞ்ச பிறகு, மூணரை மணிக்கு இந்த அம்மா போட்டது இது. பேக்கரி அண்ணன் சீட்டு எட்டு இருபதுக்கு விழுந்தது. அது காணோம். அப்ப திருட்டு நடந்தது ராத்திரியில இல்ல. நேத்துக் காலை எட்டு இருபதுக்கும் சாயங்காலம் மூணரைக்கும் நடுவுல, பட்டப்பகல்ல. பெட்டி அப்ப தெருச்சுவர்லதான் தொங்குச்சு. எழுத்தர் ஊர்லயே இல்ல.”

எழுத்தர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர், சற்று முன் கை நீட்டிக் குற்றம் சொன்னவர், மெல்ல அவர் தோளைத் தட்டினார்.

“அப்ப யாரு?” என்றார் தலைமையாசிரியை.

“ரெண்டாம் வகுப்பு மாடியிலன்னு எழுதினவர். இப்பப் பிள்ளை படிக்கிறவங்களுக்கு அந்தத் தப்பு வராது. பள்ளியை முன்னாடி தெரிஞ்சு, ஒன்றரை வருஷமா உள்ளே காலே வைக்காதவர். தரகர் அண்ணனும் அப்படித்தான்...”

“ஐயையோ, நானா?” தரகர் துள்ளி எழுந்தார்.

“உட்காருங்க. நேத்துக் காலை எட்டு மணியிலேருந்து நாலு வரைக்கும் வீடு வீடா எங்களை இழுத்தடிச்சீங்க. உங்களுக்கு நானே சாட்சி.” கூடத்தில் சிரிப்பு ஓடியது. “ஒரு பெட்டியோட கீலைத் தெருவுல நின்னு கழட்டினா நாலு பேர் கேட்பாங்க. ஆனா தினமும் அதே சுவரோரம் வண்டியை நிறுத்தி, கையில ஸ்க்ரூடிரைவரோட எதையாவது முடுக்கிட்டே இருக்கிறவரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. கீழே விழுந்த ஸ்க்ரூவுக்குப் பதிலா, வண்டித் தகட்டுக்குப் போடறது அவர்கிட்ட கை நிறைய இருக்கும்.”

அவள் வாசலைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

“வேன் அண்ணே. சீட்டெல்லாம் எங்க?”

எல்லாத் தலையும் திரும்பியது. ஓடிவிடுவார் என்று பேக்கரிக்காரர் இரண்டடி வைத்தார். வேன்காரர் ஓடவில்லை. கதவுநிலையைப் பிடித்திருந்த கையை எடுத்தார். பிறகு வண்டிக்குப் போய், ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

“பதினாலு பிள்ளைங்க வெச்சுத்தான் வண்டி ஓடுது” என்றார். “போன வருஷம் பத்தொம்பது. இந்தம்மா வந்ததிலேருந்து ஒவ்வொண்ணா இங்க திரும்புது. எல்லார் முன்னாடியும் நல்லபடியாப் படிச்சாங்கன்னா என் கதி என்னன்னு பயந்துட்டேன். வெற்றுச் சீட்டு தட்டுல இருந்துச்சு. முந்தின நாளே எழுதி வெச்சுக்கிட்டேன். எத்தனை எடுத்தேனோ அத்தனை உள்ளே போட்டேன்.”

“இதையெல்லாம் ஏன் கிழிச்சுப் போடல?”

“கிழிக்கத்தான் எடுத்தேன். படிச்சேன். கை வரல.” அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. “என் பொண்ணுக்குப் பாடம் எடுத்த டீச்சரைப் பத்தி மூணு பேர் எழுதியிருக்காங்க.”

“போலீஸ்ல சொல்லணும்” என்றது ஒரு குரல்.

தலைமையாசிரியை கையமர்த்தினார். “நீங்க எங்க பள்ளியைப் பத்தி அந்தப் பதினாலு வீட்டுலயும் என்ன சொன்னீங்களோ, அதே பதினாலு வீட்டுக்கும் போய், இன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு உங்க வாயாலேயே சொல்லணும். திங்கட்கிழமைக்குள்ள. நான் ஒவ்வொரு வீட்டுலயும் கேட்பேன்.”

வேன்காரர் போலீசே பரவாயில்லை என்று நினைத்திருப்பார். ஆனாலும் தலையாட்டினார்.

மணி 11.30. உண்மையான நாற்பது சீட்டுகளையும் தலைமையாசிரியை ஒன்றுவிடாமல் சத்தமாகப் படித்தார். நன்று இருபத்தொன்பது. சுமார் எட்டு. மோசம் மூன்று. அந்த மூன்றையும் அவர் மெல்லமாகவோ வேகமாகவோ படிக்கவில்லை. நல்லதைப் படித்த அதே குரலில்தான் படித்தார். கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. மூன்றாம் வகுப்பில் வீட்டுப்பாடம் அதிகம். வாசலில் பிள்ளைகளை அழைக்க வரும்போது தள்ளுமுள்ளு.

“தாழ்ப்பாள் விஷயம் என் தப்பு” என்றார். “ரெண்டு மாசமா நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிட்டேன். வீட்டுப்பாடத்தைப் பத்தி நான் பேசறேன். தள்ளுமுள்ளுக்கு என்ன செய்யறதுன்னு எனக்கே தெரியல. யாருக்காவது யோசனை இருந்தாச் சொல்லுங்க.”

அதற்கு ஒரே சமயத்தில் எட்டுப் பேர் யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள்.

தச்சன், தன் மனைவி பக்கம் குனிந்தான். “நெருப்பில்லாம புகையாதுன்னு எங்கம்மா சொல்லுவாங்க.”

“புகை போடறதையே ஒருத்தர் வேலையா வெச்சிருந்தா?”

“சரி, என்ன முடிவு?”

“இருபத்தொன்பது பேர் நல்லது சொன்னதுகூட எனக்குப் பெரிசாத் தெரியலங்க. அந்த மூணையும் படிச்சாங்க பாருங்க, அதுதான். நம்ம பிள்ளைக்கு ஒண்ணுன்னா இவங்க மூடி மறைக்க மாட்டாங்க.”

“அப்ப தாழ்ப்பாளை நான் போட்டுத் தரேன்னு சொல்லிடவா?”

“மர ஸ்க்ரூவாப் பார்த்துப் போடுங்க.”

மணி 11.52. தெருவைத் தாண்ட இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற மின்வாரிய ஆள், மகள் ஊருக்குக் குடிபோகிறவர், மேசையில் காகிதங்களைப் பரப்பி வைத்துக் காத்திருந்தார். அவள் பேனாவை எடுத்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை.

“ஒரு விஷயம் சொல்லாம விட்டுட்டேன். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி சொல்லிடறேன். காலையில எட்டரைக்கும் மத்தியானம் இடைவேளைக்கும் அந்தப் பிள்ளைங்க போடற கூச்சல் இருக்கே, வீடே அதிரும். காதைப் பொத்திக்கணும்.”

சிட்டு ஏற்கெனவே சன்னல் கம்பியில் ஏறி, பள்ளி மைதானத்தைப் பார்த்து, தெரியாத யாரையோ “ஏய்!” என்று முழுத் தொண்டையில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மைதானத்திலிருந்து பதிலுக்கு ஒரு “ஏய்!” வந்தது.

சிட்டுவின் அம்மா கையெழுத்துப் போட்டாள்.