கை தூக்கினால் விசில்

குற்றாலம் சாலைக்குத் திரும்ப வேண்டிய ஆட்டோ திரும்பவில்லை. தென்காசி பஜாருக்குள் புகுந்து, ஒரு மாடிப்படி முன்னால் நின்றது.

மேலே போர்டில் ஒரு பெரிய பல் சிரித்தது.

ஏழு வயது இசக்கிதுரை திடுக்கிட்டான். தலையில் எண்ணெய், தோளில் துண்டு, கழுத்தில் போலீஸ்கார அப்பாவின் பழைய விசில். குளிக்கப் புறப்பட்ட கோலம்!

“யம்மா! அருவிக்குன்னுல்லா சொன்னே?”

“முதல்ல இங்கன. அப்புறம் அங்கன,” என்றாள் அம்மா, அவன் முகத்தைப் பார்க்காமல்.

அவ்வளவுதான். வாய்க்குப் பூட்டு விழுந்தது.

டாக்டர் ஷிஃபா பொம்மை காட்டினார். திறக்கவில்லை. அம்மா கெஞ்சினாள். ஊஹும்!

“பால்பல்தானே டாக்டர், தானா விழுந்துராதா?” என்றாள் அம்மா.

“அதுக்கு இன்னும் வருஷக்கணக்கு ஆகும்மா. அதுவரை புதுப் பல்லுக்கு இடம் பிடிச்சு வைக்கணும்லா? பஸ்ல துண்டு போடுத மாதிரி. போன வாரம் எடுத்த எக்ஸ்ரேயில பாத்தீங்கல்லா, வேருக்குள்ள கிருமி போயிருச்சு. இன்னைக்குக் கழுவினா பல் தப்பிக்கும். தள்ளிப்போட்டா பிடுங்கத்தான் வேணும்.”

இசக்கிதுரை தன் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

அக்கா அனுசியாவுக்கு உறுத்தியது. ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். விஷயம் தெரிந்தும், காலையில் அந்தத் துண்டை எடுத்துக் கொடுத்தவளே அவள்தான்.

“ஏலே, நாங்க சொன்னது பொய்தான். தப்புதான். டாக்டர், என்ன செய்யப் போறீங்கன்னு இவன்கிட்ட ஒளிக்காமச் சொல்லுங்க.”

“ஊசி உண்டு. சுருக்குன்னு வலிக்கும். அப்புறம் மரத்துப்போகும். பல்லைச் சுத்தி ரப்பர் ஷீட் மாட்டுவேன். அப்போ பேச முடியாது.”

பூட்டு கொஞ்சம் திறந்தது. “பேச முடியாதுன்னா, வலிச்சா எப்படிச் சொல்ல?”

அனுசியாவின் கண் விசிலில் விழுந்தது.

“அருவியில தண்ணி கூடினா அப்பா என்ன செய்வாக?”

“விசில் அடிப்பாக. எல்லாரும் வெளிய வரணும்.”

“வலிச்சா நீ இடக்கையைத் தூக்கு. விசிலை என்கிட்ட குடு, நான் அடிக்கேன். டாக்டர் கையை எடுத்துரணும். சரியா டாக்டர்?”

“சம்மதம்!”

“எடுக்கலன்னா?” என்றான் தம்பி.

“அப்பாட்ட சொல்லி ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிருவோம்.”

டாக்டர் ஊசியைத் தொடக்கூட இல்லை. சட்டென்று இடக்கை மேலே போனது.

பீ...ப்!

டாக்டரின் இரண்டு கைகளும் காற்றில் நின்றன. வெளியே காத்திருந்த ஒருவர் பதறி எழுந்தார்.

இசக்கிதுரை வாயை அகலமாகத் திறந்தான்.

ஊசிக்கு ஒரு விசில். டாக்டர் நின்றார், அவன் தலையாட்டியதும் தொடர்ந்தார். ரப்பர் ஷீட் மாட்டியதும், மெல்லிய குழாய் வழியாகப் பல்லுக்குள் மருந்து இறங்கியது. இன்னொரு குழாய் அதை உறிஞ்சியது.

“தண்ணித் தொட்டியில போடுற பிளீச்சிங் பவுடர் வாசனை வருதே!” என்றாள் அனுசியா.

“அதுக்குச் சொந்தக்காரன்தான் இதுவும். கிருமிக்கு எமன். ஒரு சொட்டுகூடத் தொண்டைக்குப் போகாம ரப்பர் ஷீட் காவல் காக்கும்.”

கழுவி, உலர்த்தி, அடைத்தாயிற்று. பல் தப்பியது!

சாயங்காலம் மெயின் அருவி. சாரலில் நனைந்தபடி அப்பா விசில் ஊதிக்கொண்டிருந்தார். அருவிக்கடியில் தொப்பைக்காரர் ஒருவர் அசையவே இல்லை.

“என்னலே, அழுதியா?” என்றார் அப்பா.

“அக்கா ஒரு விசில் அடிச்சா டாக்டர் நின்னுட்டாங்க. நீங்க இத்தனை அடிச்சும் அந்த மாமா வெளிய வரலையே!”

அப்பா தொப்பைக்காரரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் விசிலைக் கழற்றி அனுசியாவிடம் நீட்டினார்.