திருப்பிப் படுக்க வைத்தவர்

“இந்தப் பக்கம் உங்களைத் திருப்பிப் படுக்க வச்சது யாரு அண்ணே?”

“யாரு வைப்பா? நீதான்.”

“நானா? காலையில சுவரைப் பார்த்துல்ல படுக்க வச்சுட்டுப் போனேன். இப்ப ஜன்னலைப் பார்த்துக்கிட்டு இருக்கீங்க.”

அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு கிடந்தார். கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. மத்தியானத் தூக்கத்திலிருந்து விழித்த நேரம் முதல், ஏதோ ஒன்று இடம் மாறிவிட்ட மாதிரி, தெரிந்த அறைக்குள் தெரியாத வழியாக வந்துவிட்ட மாதிரி, மனதின் ஓரத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. அது இதுதான் என்று இப்போது புரிந்தது. தூங்கும்போது கண்ணெதிரே சுவர் இருந்தது. விழித்தபோது வானம் இருந்தது.

அவர் ஓட்டிய பஸ் பள்ளத்தில் கவிழ்ந்து கழுத்தெலும்பு நொறுங்கிய நாளிலிருந்து, கழுத்துக்குக் கீழே உடம்பு அவர் பேச்சைக் கேட்பதில்லை. வலது கையை மட்டும் கொஞ்சம் தூக்க முடியும், விரல்களை அரைகுறையாக மடக்க முடியும். மற்றபடி பக்கம் மாறிப் படுப்பது என்பது அவருக்கு ஊர் மாறிப் போவது மாதிரி. இன்னொருவர் வந்துதான் ஏற்பாடு செய்ய வேண்டும். அதற்காகத்தான் சேவை மையத்திலிருந்து காலையும் மாலையும் இவள் வருகிறாள். அவர் ‘தங்கச்சி’ என்று கூப்பிடுவார்.

தங்கச்சி போர்வையை விலக்கிப் பார்த்தாள். முழங்கால்களுக்கு நடுவே தலையணை செருகியிருந்தது. புண் வராமலிருக்க, குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்திருந்தது. போர்வையின் ஓரம்கூட ஒரு சுருக்கமில்லாமல் மடிக்கப்பட்டிருந்தது.

“நல்லா வேலை தெரிஞ்ச கை அண்ணே இது. என்னைவிட நல்லா செஞ்சிருக்கு. ஆபீஸ்ல வேற யாரையும் அனுப்பினாங்களா? இருங்க, கேட்டுடறேன்.”

அவள் போனை எடுத்தாள். நாளைக் காலை அக்கா வருகிறாள். கூடவே மையத்து மேடமும் வருகிறார். அவர் இந்த வீட்டில் தனியாக இருக்கலாமா, இல்லை பராமரிப்பு விடுதியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமா என்று நாளைக்கு முடிவெடுக்கப் போகிறார்கள். போன மாதம் ஒரு ராத்திரி யாரோ வீட்டுக்குள் இருக்கிறார்கள் என்று கழுத்தில் தொங்கும் அவசர அழைப்புப் பட்டனை அழுத்தி, ஆம்புலன்ஸே வந்து, கடைசியில் சமையலறையில் பூனை உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து மையத்தில் அவருக்குப் ‘பூனை டிரைவர்’ என்று பெயர். “தம்பி பயந்து பயந்து செத்துப்போயிடுவான்” என்று அக்கா போனில் அழுதாள். இன்னொரு தடவை ‘யாரோ வந்திருக்காங்க’ என்று வாயைத் திறந்தால் அவ்வளவுதான். வரிசைக் கட்டில்கள், யாருக்கும் சொந்தமில்லாத ஜன்னல்கள்.

“போனை வை. நானேதான் திரும்பினேன்.”

“என்ன?”

“நானேதான். கையை ஊன்றித் தள்ளினேன். எப்படியோ வந்துடுச்சு.”

அவள் அவரையே பார்த்தாள். பிறகு முகமெல்லாம் மலர்ந்தது. “திருட்டு அண்ணே! இதை ஏன் முதல்லயே சொல்லலை? நாளைக்கு உங்க அக்கா முன்னாடி ஒரு தடவை செஞ்சு காட்டுங்க போதும், அப்படியே வாயடைச்சுப் போயிடுவாங்க.”

தலையணை எப்படி வந்தது, துண்டு எப்படி வந்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்டுவிடுவாளோ என்று அவர் காத்திருந்தார். ஆசைப்பட்டதை நம்புகிறவர்கள் கேள்வி கேட்பதில்லை.

“ஆமா, வாசல்ல சாவி வச்சுட்டுப் போற பெட்டி திறந்து கிடந்துச்சே. காலையில நான் மூடலையா?”

“நீதான் மூடாம போயிருப்ப. பறந்துக்கிட்டுல்ல ஓடின.”

“ஐயோ, மேடத்துக்கிட்ட சொல்லிடாதீங்க அண்ணே. என் சீட்டைக் கிழிச்சிடுவாங்க.”

“நீயும் சொல்லாத, நானும் சொல்லலை.”

ஆளுக்கொரு பொய்யைப் பங்கு போட்டுக்கொண்ட நிம்மதியில் இருவரும் சிரித்தார்கள். மழை கூரையில் கொட்டியது. அந்த இரைச்சலுக்குள், அவருக்கு மட்டும், தூக்கத்தில் கேட்ட ஒரு சத்தம் நினைவுக்கு வந்தது. சரக். சரக். உதவிக்கு வருகிறவர்கள் செருப்பின் மேல் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் உறையின் சத்தம். மத்தியானம் அது கட்டிலைச் சுற்றி மெதுவாக நடந்தது. கனவு என்று நினைத்தார். கனவுதான் என்று இப்போதும் நினைத்துக்கொண்டார்.

கூடத்தில் மையத்தோடு பேசும் பெட்டியில் பச்சைப் பட்டனை அவள் தட்டும் ஒலி கேட்டது. ஆள் வந்து சேர்ந்தாயிற்று என்று மையத்துக்குத் தெரிவிக்கும் பட்டன் அது.

“கூட வர்ற பார்ட்னருக்குக் காய்ச்சல். இன்னைக்கு நான் ஒத்தை ஆள்தான். யானையை எடுக்கக் கூடாதுன்னு சட்டம். படுக்கையிலயே துடைச்சு விட்டுடட்டுமா?”

யானை என்பது அவரைக் கட்டிலிலிருந்து தூக்கும் இயந்திரம். நீண்ட இரும்புத் தும்பிக்கை. அதன் நுனியில் கொக்கிகள். கொக்கியில் மாட்டும் துணியை அவர்கள் தூளி என்பார்கள். அதை இயக்க எப்போதும் இரண்டு பேர் வேண்டும்.

“நாளைக்கு மனுஷன் மாதிரி இருக்கணும்மா. குளிப்பாட்டி, சவரம் பண்ணி விடு. யாருக்குத் தெரியப் போகுது?”

“உங்களோட ஒரே ரோதனை” என்றபடி அவள் நீல ஏப்ரனைக் கட்டி, கையுறையை இழுத்துவிட்டாள். ரப்பர் மணிக்கட்டில் சட் என்று அடித்தது. தூளியை முதுகுக்கு அடியில் விரித்து, கொக்கிகளை மாட்டினாள். கழுத்துப் பட்டன் கயிறு தூளியில் சிக்கிக்கொள்ளும் என்பதால், வழக்கம்போல அதைக் கழற்றிக் கட்டில் கம்பியில் தொங்கவிட்டாள். ரிமோட்டை அழுத்தினாள். யானை முனகியது. மெத்தை அவரை விட்டு விலகியது. அவர் காற்றில் தொங்கினார், வேட்டி போல.

“சௌகரியமா ராஜா?”

“ஊர்வலத்துக்கு ஆள் கம்மி.”

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. குளியலறைப் பக்கம் தலையைத் திருப்பினாள்.

“குழாயை நான் திறக்கவே இல்லையே.”

மூடிய கதவுக்குப் பின்னால் வாளியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

“விட்டுட்டுப் போகாத” என்று சொல்ல நினைத்தார். பூனை டிரைவர் என்று சிரிப்பாள். சொல்லவில்லை.

“ஒரு நிமிஷம் அண்ணே. ஆடாம இருங்க.”

சரக், சரக் என்று அவள் போனாள். தூளி ஆடவில்லை, ஆனால் திரும்ப ஆரம்பித்தது. தும்பிக்கை நுனியில் தொங்குவது தானாகச் சுழலும். மெல்ல, மிக மெல்ல. முதலில் அலமாரி. பிறகு ஜன்னல், மழை, எதிர்வீட்டின் மஞ்சள் விளக்கு. பின்னாலிருந்து கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

“யாரு நீ...”

ஈரத்துணியைத் தரையில் ஓங்கி அடித்த மாதிரி ஒரு சத்தம். இன்னொன்று. வாளி உருண்டது. அவள் கத்தவில்லை. கத்த வாய் திறந்தபோது காற்று மட்டும் வெளியே வந்தது. பிளாஸ்டிக் உறைகள் ஈரத்தரையில் கிறீச்சிட்டு வழுக்கின.

“தங்கச்சி!”

தூளி திரும்பிக்கொண்டிருந்தது. சுவர். காலண்டர். குளியலறைக் கதவு அவர் கண்ணின் ஓரத்தில் வந்தது. நிலையைப் பிடித்தபடி ஒரு கை. கையுறை கிழிந்து நகம் தெரிந்தது. கதவு அந்த விரல்களின் மேல் மூடியது. திறந்தது. மறுபடி மூடியது. காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம். விரல்கள் பிடியை விட்டன, ஆனால் எல்லாம் ஒரே திசையில் மடங்கியிருக்கவில்லை.

தூளி நிற்கவில்லை. கதவைத் தாண்டிக் கட்டிலுக்கும், கட்டிலிலிருந்து அலமாரிக்கும், அலமாரியிலிருந்து ஜன்னலுக்கும் அவரை எடுத்துப் போனது. மழை, மஞ்சள் விளக்கு. அங்கே யாரோ திரைச்சீலையை இழுத்துவிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் அடி விழுந்துகொண்டே இருந்தது, அவசரமில்லாமல், துவைக்கிற மாதிரி. பிறகு ஓய்ந்தது.

பிறகு குழாய்ச் சத்தம். யாரோ நெடுநேரம் சோப்புப் போட்டுக் கை கழுவினார்கள்.

சட். கையுறை.

அந்தச் சத்தம் கேட்டு அவருக்கு ஒரு கணம் உயிர் வந்தது. அவள்தான். எப்படியோ தப்பித்துவிட்டாள். “தங்கச்சி, ஒண்ணுமில்லையே?”

சரக். சரக். பின்னால் வந்து நின்றது. அவளுடைய சோப்பு வாசனை வந்தது. அதற்கு அடியில் இரும்பு வாசனை, நனைந்த சாக்கின் வாசனை. ஒரு கை பிடரியைத் தாங்கித் தூளியின் வாரைச் சரிசெய்தது. இதமாக. மிகச் சரியாக. மத்தியானம் அவரைத் திருப்பிப் படுக்க வைத்த கை.

அவர் தூளியோடு திரும்பினார். பின்னால் நின்ற உருவமும் கூடவே நடந்து பின்னாலேயே நின்றது. நீல ஏப்ரனின் ஓரம் மட்டும் தெரிந்தது. அதில் சிவப்பு, ஒழுகி ஒழுகி.

“யாருப்பா நீ? என்ன வேணும்? எதுவேணாலும் எடுத்துக்க.”

ஏதோ கனமானதைத் தரையில் இழுக்கும் ஓசை. கட்டில் ஸ்பிரிங் முனகியது. தலையணையைத் தட்டிச் சரிசெய்யும் ஓசை. துண்டை உதறும் ஓசை.

பிறகு அது அவரிடம் திரும்பி வந்தது. பிளாஸ்டிக் பேசின் ஒன்றைக் கொண்டுவந்து அவருக்கு நேர் கீழே வைத்தது. குனிந்தது. கத்தரிக்கோலின் கிறீச்.

அவருக்கு எதுவும் தெரியவில்லை. வலியில்லை. தொடுகிற உணர்வுகூட இல்லை. காலுறையை வெட்டுகிறதோ என்று நினைத்தார்.

சொட்.

கூரை ஒழுகுகிறது என்று நினைத்தார்.

சொட். சொட். சொட்.

ஒழுகவில்லை. சத்தம் அவருக்கு நேர் கீழே இருந்து வந்தது. தலையைக் குனிய முடிந்த மட்டும் குனிந்தார். பேசின் பாதி நிறைந்திருந்தது. அதற்கு மேலே அவருடைய கால். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை, பழத்தோலை உரிப்பதுபோல, சீராக, பொறுமையாகத் திறக்கப்பட்டிருந்தது. உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அது அவருடையது. அவரிடம் யாரும் கேட்கவில்லை.

கத்தினார். மழை அந்தக் கத்தலை எடுத்துக்கொண்டது.

கத்தரிக்கோல் தொடையை நோக்கி ஏறியது.

தூளி திரும்பியது. கட்டில் வந்துகொண்டிருந்தது. கட்டில் கம்பி. கம்பியில் பட்டன், அதன் சின்னச் சிவப்பு விளக்கு. வலது கை. தூக்கு. தூக்கு. தூளியின் விளிம்பில் மணிக்கட்டு மாட்டியது. பிடுங்கினார். கை வெளியே விழுந்தது. விரல்கள் எதையோ தொட்டன. முடி. ஈரமான முடி. கட்டிலில் யாரோ படுத்திருந்தார்கள். பார்க்காதே. பட்டன். இன்னும் கொஞ்சம். வந்தது. உள்ளங்கையை அதன்மேல் வைத்து கையின் பாரத்தை எல்லாம் சாய்த்தார்.

பீப்.

அதே நொடியில் முகம் துடைக்கும் துண்டு பின்னாலிருந்து வந்து அவர் வாய்க்குள் நுழைந்தது. தொண்டைவரை. விரல்கள் மெதுவாக, மடித்து மடித்து, இடமில்லாமல் அடைத்தன.

கூடத்துப் பெட்டி உயிர்பெற்றது. இளம் பெண்ணின் குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு: “வணக்கம் டிரைவர் சார். மறுபடியும் பூனையா?”

அவர் மூக்கால் கத்தினார். சொட். சொட்.

“சார், லைன் சரியா கேக்கலை, மழையில. உங்க உதவியாளர் வந்துட்டாங்கன்னு இங்க பச்சை விளக்கு எரியுது. அதனால பயப்படாதீங்க, சரியா? தனியா இல்லை நீங்க.”

தூளி இன்னும் கொஞ்சம் திரும்பியது. கட்டில் முழுதாகத் தெரிந்தது. தங்கச்சி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். முழங்கால்களுக்கு நடுவே தலையணை. கெண்டைக்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு. ஒடிந்த விரல்கள் ஒவ்வொன்றாக நேராக்கப்பட்டு, கன்னத்துக்கு அடியில் வைக்கப்பட்டிருந்தன. போர்வையில் ஒரு சுருக்கமில்லை. தலைக்கு அடியில் மெத்தை குழிந்து சிவந்திருந்தது.

நீல ஏப்ரன் அவரைத் தாண்டி நடந்தது. சரக். சரக். குனிந்து, ஒரு கையை அவள் தோளுக்கும் ஒரு கையை இடுப்புக்கும் கொடுத்து, முறைப்படி, வலிக்காமல், அவளை ஜன்னல் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தது.

அவளுக்கு முகம் என்று ஒன்றும் மிச்சமில்லை.

“நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா நான் வண்டி அனுப்பணும் சார், அப்புறம் உங்க அக்காவுக்கும் போன் போகும், நாளைக்கு உங்களுக்குத்தான் சங்கடம். உதவிக்கு வந்த அக்கா பக்கத்துலதானே இருக்காங்க? ‘ஒண்ணுமில்லை’ன்னு ஒரே ஒரு வார்த்தை அவங்களைப் பேசச் சொல்றீங்களா?”