ஒத்திலியாவின் இறுதி வாரம்

ஒத்திலியா அடுப்பை அணைத்துவிட்டு அன்றைய முதல் வசனத்துக்காகக் காத்திருந்தாள். வசனம் வருமுன் கணவனுக்கு எதிரில் போய் உட்காருவது, பல் துலக்காமல் போய் உட்காருவதைப் போல அநாகரிகம். சற்று நேரத்தில் வந்தது. 'கோப்பையை ஓசை கேட்கும்படி வை. அவனைப் பார்க்காதே. சன்னலைப் பார்த்துச் சொல்.' அவள் அப்படியே செய்தாள்.

"இந்த வீட்டில் கடைசியாகச் சிரிக்கப்போவது யார் என்று பார்ப்போம், பெர்மின்."

பெர்மின் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தான். "அந்த நாள் வெகு தொலைவில் இல்லை, ஒத்திலியா," என்றான்.

பிறகு இருவரும் வழக்கப்படி முகத்தை அப்படியே உறையவைத்தார்கள். அவள் ஒற்றைப் புருவத்தைத் தூக்கியபடி, அவன் தாடையை இறுக்கியபடி. ஒரு காட்சி முடிந்தால் முகம் சிறிது நேரம் உறைய வேண்டும். அதன் பிறகுதான் எழுந்து பாத்திரம் கழுவலாம், படகு பிடித்து வேலைக்குப் போகலாம்.

மெக்சிகோ நகரத்தின் எல்லா வீடுகளிலும் காலைப் பொழுது இப்படித்தான் கழிந்தது. முன்னோர்கள் தூர்த்து நகரம் கட்டிய பழைய ஏரி, இரண்டு தலைமுறைக்கு முன்பு தன் இடத்தைக் கேட்டுத் திரும்பி வந்துவிட்டது. மக்கள் தூண்களின் மேல் வீடு கட்டிக்கொண்டு, தெருக்களில் படகு விட்டுக்கொண்டு, அதற்குப் பழகிவிட்டார்கள். காதுக்குள் வசனம் சொல்லும் செவியுரைக்குப் பழகியது அதைவிடச் சுலபமாக நடந்தது.

அந்த நாட்டின் தொடர் நாடகப் படப்பிடிப்புகளில் நடிகர்கள் பலர் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை. காதுக்குள் ஒரு சிறு கருவி இருக்கும். மறைவில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் வசனத்தையும், கூடவே 'திரும்பு', 'அழு', 'கதவை நோக்கி நட' என்பதையும் முணுமுணுப்பார். நடிகர் கேட்டபடி செய்வார். ஏரிக்கரை ஒளிபரப்புக் கழகம் இந்த வசதியை நடிகர்கள் மட்டும் அனுபவிப்பானேன் என்று யோசித்தது. அவர்களிடம் ஒரு நூற்றாண்டுக் காலத் தொடர்கள் குவிந்து கிடந்தன. அவை அனைத்தையும் பயின்ற வசனக்கூடம் என்ற இயந்திரம், ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தந்த வேளைக்கு ஏற்ற பேச்சை அனுப்பியது. காதுக்குப் பின்னால் அரிசி அளவில் பதித்த உரைமணி அதை வாங்கிக்கொண்டது.

முதலில் அதற்கு ஒரு பெண் குரல் இருந்தது. கீச்சுக்குரல் என்று ஆளாளுக்குப் புகார் செய்யவே, கழகம் குரலையே எடுத்துவிட்டது. இப்போது வசனம் ஓசை ஏதுமின்றி, மறந்துபோன ஒன்று சட்டென்று நினைவுக்கு வருவதைப் போல வந்தது.

நன்மைகளைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பெண் பார்க்கப் போன இடத்தில் யாரும் வாயடைத்து நிற்கவில்லை. மாமியாரிடம் என்ன பேசுவது என்று எந்த மருமகளும் கையைப் பிசையவில்லை. வாய் தவறி ஏதாவது சொல்லிவிட்டால், "வசனம் அப்படி வந்தது" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகலாம். தொலைக்காட்சியை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. வீட்டிலேயே நடப்பதைப் பெட்டியில் வேறு எதற்குப் பார்க்க வேண்டும்?

ஒரே ஒரு சங்கடம் இருந்தது. அந்த நாட்டுத் தொடர்கள் முடிவில்லாமல் இழுப்பவை அல்ல. அவற்றுக்கு இறுதி வாரம் என்று ஒன்று உண்டு. அந்த வாரத்தில் நல்லவர்கள் சேர்வார்கள், கெட்டவர் தண்டனை அடைவார். வசனக்கூடமும் அதையே கற்றிருந்தது. எந்த வீட்டிலும் அவ்வப்போது ஒரு கதை முடிந்து இன்னொன்று தொடங்கும். முடியும்போது அந்த வீட்டின் கெட்டவர் பெரும்பாலும் வடக்கே போகும் ரயிலில் ஏறிவிடுவார், அல்லது ஏதாவதொரு மடத்தில் சேர்ந்துவிடுவார். ஆனால் எல்லாரும் ரயிலேறவில்லை. கீழ்வீட்டுக் கசில்தா தன் வீட்டுப் படகுத்துறைப் படியில் உருண்டு விழுந்து செத்துப்போனாள். படி ஈரமாக இருந்தது என்றார்கள். படி எப்போதும் ஈரமாகத்தான் இருந்தது.

ஒத்திலியாவின் பயம் இதுதான். இத்தனை காலம் அவளுக்குக் கண்ணீர் வசனங்கள்தான் வந்தன. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து புருவத்தைத் தூக்கும் வசனங்களாக வருகின்றன. இந்த வீட்டின் கெட்டவள் தான்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் பெர்மின் நாளுக்கு நாள் இனிமையாகிக்கொண்டு வந்தான். கல்யாணமான நாளிலிருந்து அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காதவன், இப்போது தினமும் மாலையில் அத்தோலே என்னும் சோளமாவுக் கஞ்சியைத் தானே காய்ச்சி, பட்டை தூவிக் கொண்டுவந்து நீட்டினான். "குடி, ஒத்திலியா. உனக்காகவே செய்தேன்." அவள் சிரித்தபடி வாங்கி, அவன் திரும்பியதும் சன்னல் வழியே கால்வாயில் ஊற்றினாள். மறுநாள் காலையில் மீன் ஏதாவது செத்து மிதக்கிறதா என்று பார்த்தாள். ஏரி எலிகளுக்காக வாங்கிய மருந்து டப்பாவை இடம் மாற்றி ஒளித்துவைத்தாள். ஆனாலும் அவள் இன்னும் அவனை நேசித்தாள்.

நேரடியாக அவனிடமே கேட்டிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். அங்கே அது யாருக்கும் தோன்றாது. ரகசியம் என்றால் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்க வேண்டிய ஒன்று. அதைப் போய்க் கேட்பதற்கு வசனமே கிடையாது.

அன்று பெர்மின் வேலைக்குக் கிளம்பிய பிறகு, அவள் படகேறிக் கழகத்துக்குப் போனாள். மதியத்துக்கு மேல்தான் அவளை உள்ளே கூப்பிட்டார்கள். சொக்கோரோ என்ற அதிகாரி மிளகாய்த்தூள் தூவிய பூசணி விதைகளைக் கொறித்துக்கொண்டிருந்தார். கழக ஊழியர்கள் யாருக்கும் உரைமணி கிடையாது. சில உணவு விடுதிகளில் சமையல்காரர் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவருவதில்லையா, அதைப் போலத்தான்.

"மேடம், எங்க கதையை முடிங்க, வேண்டாங்கல," என்றாள் ஒத்திலியா. "ஆனா என்னை ரயில்ல ஏத்தி விட்டுடுங்க. படி, நெருப்பு, விஷம் எதுவும் வேண்டாம். நான் ஒண்ணும் அவ்வளவு கெட்டவ இல்ல."

சொக்கோரோ திரையைத் தட்டிப் பார்த்தார். இன்னொரு முறையும் பார்த்தார். "எந்த வட்டாரம் சொன்னீங்க?"

அவள் சொன்னாள்.

"அங்க ஒளிபரப்பே இல்லியேம்மா. மழை ஆரம்பிச்ச அன்னிக்கே உங்க கோபுரம் சாஞ்சு ஏரிக்குள்ள போயிடுச்சு. யாருக்கும் எதுவும் வரல."

"எனக்கு வருதே மேடம். இன்னிக்குக் காலைலகூட வந்துச்சு."

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க." சொக்கோரோ விதைப் பொட்டலத்தை மடித்து வைத்தார். "சத்தம் இல்லாம வர்றதுதானே? எது அங்கேருந்து வருது, எது உங்ககிட்டேருந்தே வருதுன்னு எப்படித் தெரியும்? வரலைன்னு ஒருத்தர்கூடப் புகார் குடுக்கல. அதனால நாங்களும் அவசரப்படல."

ஒத்திலியாவுக்குக் கண்ணைக் கட்டியது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள். "கீழ்வீட்டுக் கசில்தா விழுந்தது மழைக்கு முன்னாடியா, அப்புறமா?" என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது.

அதிகாரி திரையை அணைத்தார். "உங்க வீட்டுக்காரரும் இன்னிக்குக் காலைல வந்திருந்தார். மனைவி சிரிக்கிற சிரிப்பு சரியில்ல, நான்தான் கெட்டவனா, என்னை ரயிலேத்தி விடுங்கன்னு கெஞ்சினார். உங்க மனசைக் குளிர வைக்கத் தினமும் கஞ்சி காய்ச்சித் தர்றாராமே?"

"அவர்கிட்டயும் சொன்னீங்களா? ஒளிபரப்பு இல்லைன்னு?"

"சொன்னேன். உங்களை மாதிரியே நாற்காலியப் பிடிச்சுக்கிட்டார்."

மாலையில் அவள் வீடு திரும்பியபோது பெர்மின் மேசையில் இரண்டு கோப்பைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் எதிரில் உட்கார்ந்தாள். ஒன்றும் வரவில்லை. அவனும் வாயைத் திறந்து திறந்து மூடினான். கால்வாயில் தமாலே என்னும் சோளப் பலகாரம் விற்பவனின் படகு, பதிவு செய்த குரலில் கூவிக்கொண்டே கடந்துபோனது. அது போய் வெகுநேரம் கழித்து அவள் மென்று விழுங்கிச் சொன்னாள்.

"நானும்... நானும் போனேன்."

"எங்க?"

"கழகத்துக்கு."

பெர்மின் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். அழுகிறான் என்று நினைத்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாவலும் நாடகமும் அறியாத திக்கித் திணறும் பேச்சில் ஒருவரிடம் ஒருவர் எல்லாவற்றையும் கொட்டினார்கள். அவன் கஞ்சியை அவள் கால்வாயில் ஊற்றியது, அவள் சமைத்த பீன்ஸை அவன் வேலைக்கு எடுத்துப்போய்ப் பூனைக்குப் போட்டது எல்லாம் வெளியே வந்தன.

"எலி மருந்தைக்கூட ஒளிச்சு வச்சுட்டேன், தெரியுமா?" என்றாள்.

"நான் வீடு பூராத் தேடினேன்! எங்க வச்ச?"

"சோளமாவுப் பானைக்குப் பின்னாடி."

அதற்கும் சிரித்தார்கள். கஞ்சியை இருவரும் குடித்தார்கள். நன்றாகவே இருந்தது. அதன் பிறகு பேச ஒன்றும் இல்லை.

அடுத்து வந்த நாட்கள் பொல்லாதவை. அவள் "உப்பு போதுமா?" என்று கேட்பாள். அவன் "போதும்" என்பான். பிறகு கரண்டி தட்டில் படும் ஓசைதான். ஒருநாள் அவன் அவள் அம்மாவைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டான். அவள் பதிலுக்கு அவன் வழுக்கையைப் பற்றிச் சொன்னாள். இரண்டுமே அவரவர் மனத்தில் வெகுகாலமாகக் கிடந்தவை. இருவரும் அதிர்ந்துபோனார்கள். அன்றிரவு யாருக்கும் தூக்கம் வரவில்லை.

"முன்னெல்லாம் என்ன சொன்னாலும் வசனம்னு விட்டுடுவோம்," என்றான் பெர்மின். "இப்ப நாம சொல்றதெல்லாம் நாமளே சொன்னதா ஆயிடுதே, ஒத்திலியா."

"ஆமாம்," என்றாள் அவள். "தாங்க முடியல."

மறுநாள் இருவரும் கைகோத்துக்கொண்டு கழகத்துக்குப் போனார்கள். கோபுரத்தைச் சீக்கிரம் நிமிர்த்துங்கள் என்று கேட்கத்தான். விஷயம் எப்படியோ ஊரெல்லாம் பரவி, வட்டாரமே அங்கே கூடியிருந்தது. கசில்தாவின் கணவன் எல்லாருக்கும் முன்னால் நின்று, அழுது சிவந்த கண்களோடு மேசையைத் தட்டிக்கொண்டிருந்தான். "உடனே சரி பண்ணுங்க! மழைக்கு அப்புறமும் வேலை செஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சுன்னு எழுதிக் குடுங்க!" என்று கத்தினான். அவனை யாரும் நேராகப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியலிலிருந்து ஒளிபரப்பு தொடங்கும் என்று சொக்கோரோ அறிவித்தார். ஜனங்கள் கைதட்டினார்கள். ஒத்திலியாவுக்கு நிம்மதியில் கண் கலங்கியது.

ஞாயிறு காலை அவள் நல்ல உடை உடுத்திக்கொண்டு மேசையில் உட்கார்ந்தாள். பெர்மின் அடுப்படியிலிருந்து இரண்டு கோப்பைகளோடு வந்தான். அவன் முகத்தில் பழைய தெளிவு திரும்பியிருந்தது. அவனுக்கு வசனம் வந்துவிட்டது என்று அவள் புரிந்துகொண்டாள். ஒரு கோப்பையை அவள் முன்னால் வைத்தான்.

"குடி, ஒத்திலியா. உனக்காகவே செய்தேன்."

பட்டைத்தூள் எடுத்துவர அவன் திரும்பினான். அந்த நொடியில் அவளுக்கும் வந்தது, ஓசையின்றி, தெளிவாக. 'கோப்பைகளை மாற்றி வை.' எத்தனை நாளாயிற்று இப்படி ஒரு சொல் வந்து! அவள் மாற்றி வைத்தாள். சொல்வது கழகம், செய்வது மட்டும்தானே அவள்?

பெர்மின் திரும்பி வந்து உட்கார்ந்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி, கோப்பையைக் கீழே வைக்காமல் குடித்து முடித்தார்கள்.

"இந்த வீட்டில் கடைசியாகச் சிரிப்பது யார் என்று இப்போது தெரிந்துவிடும்," என்றாள் அவள்.

இருவர் முகமும் உறைந்தன. அவள் ஒற்றைப் புருவத்தைத் தூக்கியபடி, அவன் தாடையை இறுக்கியபடி. காட்சி முடிய வேண்டிய நேரம் ஆனதும் அவள் புருவத்தை இறக்கினாள். கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் கழுவத் தொடங்கினாள். பெர்மினின் முகம் அப்படியே இருந்தது. சோளமாவுப் பானை ஒரு சாண் நகர்ந்திருந்தது, அதன் பின்னாலிருந்த எலி மருந்து டப்பா திறந்து கிடந்தது.

கால்வாயில் கழகத்தின் அறிவிப்புப் படகு வந்தது. ஒலிபெருக்கி கரகரத்தது.

"அன்பார்ந்த நேயர்களே! கோபுரப் பணிகள் இன்னும் முடிவடையாததால் செவியுரை ஒளிபரப்பு நாளை திங்கட்கிழமை காலைக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது. தங்கள் பொறுமைக்கு நன்றி."

படகு அடுத்த தெருவுக்குள் திரும்பும்வரை குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. ஒத்திலியா அதை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து கணவனுக்கு எதிரில் உட்கார்ந்து, அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று வருவதற்காகக் காத்திருந்தாள்.